காலண்டர் ஊரில் தேதி தவறும் கணினி

ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த வருடக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவார்கள். அதற்கு முந்தைய இரண்டு வாரம் டிசைன் அறைகளில் யாருக்கும் ஒழுங்கான தூக்கம் கிடையாது. அப்படி ஓர் ஆடி மாதக் காலையில் ஓர் அச்சகத்திலிருந்து போன் வந்தது. "தம்பி, பிளேட் தப்பா வந்துருச்சு. நேத்து ராத்திரி திருத்துன ஃபைலைக் காணோம். வைரஸ்னு நெனைக்கேன், வந்து பாரு."

வைரஸ் எதுவும் இல்லை. ஃபைல் இருந்த இடத்திலேயே இருந்தது, ஆனால் பட்டியலின் ஆக அடியில். முந்தின நாள் மின்வெட்டு முடிந்து டிசைனரின் கணினி எழுந்தபோது தேதியை 2009 ஜனவரி 1 என்று வைத்துக்கொண்டிருக்கிறது. வேலை மும்முரத்தில் அவர் திரையின் மூலையைப் பார்க்கவில்லை. இரவு முழுக்கத் திருத்திச் சேமித்த பக்கங்களுக்கெல்லாம் 2009 என்ற முத்திரை விழுந்துவிட்டது. காலையில் பிளேட் போட வந்த பையன், கடைசியாகத் திருத்தியது எது என்று தேதிவாரியாக அடுக்கிப் பார்த்து, மேலே நின்ற பழைய ஃபைலை அனுப்பிவிட்டான். அவன்மேல் ஒரு தப்பும் இல்லை. 365 தாளிலும் தேதி பிசகாமல் அச்சிடும் கட்டடத்தில், அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் இன்று என்ன நாள் என்று தெரியவில்லை.

இந்த அத்தியாயம் அச்சகம், பட்டாசு ஆலை அலுவலகம், தீப்பெட்டி கம்பெனி, விருதுநகர் பருப்பு மண்டி என்று எங்கேயாவது கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்காக. மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், ஒரு புது செல், போட்டோ எடுக்க ஒரு போன், இவ்வளவும் அரை மணி நேரமும் போதும்.

மணியைத் திருத்தாதீர்கள், முதலில் எழுதுங்கள்

கணினியில் மணி தப்பாக இருந்தால் எல்லோரும் உடனே செய்வது அதைச் சரிசெய்வதுதான். அதைத்தான் செய்யக் கூடாது என்கிறேன். எவ்வளவு தவறு என்பதுதான் எதனால் தவறு என்பதைச் சொல்லும். உங்கள் போனில் ஓடும் மணியை நம்பலாம். அது செல்போன் நெட்வொர்க்கிலிருந்து வருகிறது. அந்த மணியையும் கணினியின் தேதி, மணியையும் ஒரு துண்டுச் சீட்டில் பக்கம் பக்கமாக எழுதிவைத்துவிட்டுப் பிறகு திருத்துங்கள். மறுநாள் காலையில் மறுபடி பாருங்கள்.

வருடமே பின்னால் போய்க் கிடந்தால் உள்ளே இருக்கும் பட்டன் செல் செத்துவிட்டது. 2009, 2015 என்று அந்த மதர்போர்டு தயாரான காலத்தை ஒட்டிய ஏதோ ஒரு வருடத்தைக் காட்டும். கூடவே, கணினி ஏறும்போது கருப்புத் திரையில் 'சிமாஸ்' என்று தொடங்கும் ஓர் எச்சரிக்கை வந்து, எஃப் 1 பொத்தானை அழுத்தச் சொல்லி நிற்கும். அலுவலகத்தில் பலர் தினமும் எஃப் 1 அழுத்துவதையே கணினி ஏற்றும் முறை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஓர் ஆலையில் கணக்குப்பிள்ளை மாறியபோது, "வந்ததும் எஃப் 1 அமுக்கணும், அப்பத்தான் இந்த மிஷின் எந்திரிக்கும்" என்று புது ஆளுக்குப் பொறுப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனதைக் கண்ணால் பார்த்தேன்.

வருடம் சரி, மணி மட்டும் பின்தங்கியிருக்கிறது, அதுவும் இரவு எவ்வளவு நேரம் அணைந்திருந்ததோ கிட்டத்தட்ட அவ்வளவு என்றால், செல் சாகும் தறுவாயில் இருக்கிறது. இரவில் கடிகாரம் நின்றுபோய், காலையில் கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடுகிறது.

சரியாக 5 மணி 30 நிமிடம் வித்தியாசம் என்றால் செல்லைத் தொடவே வேண்டாம். அது வேறு கதை, கீழே வருகிறது. 13 மணி 30 நிமிடம், அல்லது 12 மணி 30 நிமிடம் பின்னால் என்றால் உங்கள் கணினி அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. புதிதாக விண்டோஸ் ஏற்றியவர் நேர மண்டலத்தை மாற்றாமல் விட்டிருப்பார். அங்கே கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பதால்தான் இரண்டு கணக்கு. சரியாக 12 மணி நேரம் என்றால் யாரோ காலை, மாலையை மாற்றி வைத்திருக்கிறார்கள். சில நிமிடம் மட்டும், மாதத்துக்கு மாதம் கொஞ்சம் கூடிக்கொண்டே போகிறது என்றால் அது நோயே இல்லை, குவார்ட்ஸின் சுபாவம். அதற்கும் மருந்து இருக்கிறது.

மெயினை அணைத்துவிட்டுப் போகும் ஊர்

மதர்போர்டில் கைக்கடிகாரத்தில் இருப்பது போன்ற ஒரு சின்ன குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது. நொடிக்கு 32,768 முறை துடிக்கும். விசித்திரமான எண்ணாகத் தோன்றும். இரண்டை இரண்டால் பெருக்கிப் பதினைந்தாவது படிக்குப் போனால் வருவது அது. ஆகவே அந்தத் துடிப்பைப் பதினைந்து முறை பாதி பாதியாக்கினால் சரியாக நொடிக்கு ஒன்று கிடைக்கும். பெட்டி அணைந்திருக்கும்போதும் இது ஓடியாக வேண்டும் என்பதற்காகத்தான் செல். 1981இல் வந்த முதல் ஐபிஎம் பிசியில் இந்த ஏற்பாடு இல்லை. ஏற்றும்போதெல்லாம் இன்று என்ன தேதி, மணி என்ன என்று நம்மிடம் கேட்கும். 1984இல் வந்த ஏடி மாடலில்தான் ஐபிஎம் செல்லோடு சேர்ந்த கடிகாரத்தை உள்ளே வைத்தது.

இப்போது நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். கணினியை ஷட்டவுன் செய்தாலும், சுவரில் சுவிட்ச் போட்டபடி இருந்தால், கணினிக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள் ஒரு 5 வோல்ட் விழித்துக்கொண்டே இருக்கும். கடிகாரம் அதில் ஓடும், செல் ஓய்வெடுக்கும். சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் எந்த அலுவலகத்தைப் பூட்டினாலும் கடைசியாகச் செய்வது மெயினை இறக்குவது. காகிதமும் மையும் பசையும் அடைந்து கிடக்கும் கட்டடத்தில் இரவு ஒரு வயர் புகைந்தால் என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. மெயின் இறங்கிய நொடியிலிருந்து கடிகாரத்தின் முழுப் பாரமும் செல்மேல் விழுகிறது. இரவு பன்னிரண்டு மணி நேரம், ஞாயிறு முழுக்க, பொங்கலுக்கு, பங்குனிப் பொங்கலுக்கு.

தீபாவளிக்குப் பிறகு பட்டாசு ஆலைகள் வாரக்கணக்கில் விடுமுறை விட்டுவிட்டு, பிறகு பூஜை போட்டுத் திறப்பார்கள். எனக்கு வருடத்திலேயே அதிக போன் வருவது அந்தப் பூஜை வாரத்தில்தான். உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று பட்டாசு வழக்கில் தீர்ப்புச் சொன்ன பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. மறுபடி திறந்தபோது மேசைக் கணினிகளில் பாதிக்குமேல் தேதியை மறந்திருந்தன என்பது என் அனுபவக் கணக்கு.

ஒரு செல்லின் கொள்ளளவு சுமார் 220 மில்லி ஆம்பியர் மணி. கடிகாரம் இழுப்பது சில மைக்ரோ ஆம்பியர்தான். ஐந்து என்று வைத்துக்கொண்டால் 44,000 மணி நேரம், அதாவது மெயினே இல்லாமல் கிடந்தாலும் ஐந்து வருடம் வர வேண்டும். நடைமுறையில் அவ்வளவு வருவதில்லை. மே மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் அலுவலக அறையின் சூட்டில் செல் சும்மா இருந்தே கொஞ்சம் கரையும். பழைய மதர்போர்டு சில அதிகமாகவும் இழுக்கும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை, செத்ததா இல்லையா என்று பார்க்காமல் மாற்றிவிடுங்கள் என்பது என் கட்சி. "நல்லா இருக்கிற செல்லை ஏன் தம்பி தூக்கிப் போடணும்?" என்று கேட்கும் அண்ணாச்சிகளிடம், ஒரு நாள் பில் போடுவது நின்றால் என்ன நஷ்டம் என்று திருப்பிக் கேட்பேன். செல்லின் விலை இரண்டு பேர் டீயும் வடையும் சாப்பிடும் செலவு. மெயினை அணைக்கும் பழக்கத்தை மட்டும் செல்லுக்காக விட்டுவிடாதீர்கள்.

செல் வாங்கும்போது

கடையில் 'சிமாஸ் செல்' அல்லது 'சிஆர் 2032' என்று கேளுங்கள். அந்த எண்ணிலேயே அளவு இருக்கிறது: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் கனம். 2025, 2016 என்றும் செல்கள் உண்டு. விட்டம் அதேதான், கனம் குறைவு. உள்ளே உட்காரும், ஆனால் தொடுப்பு லூசாக இருக்கும். ஒரு மாதத்தில் மறுபடி 2009 வரும். அட்டையில் ஒட்டி, காலாவதித் தேதி அச்சிட்ட செல்லாக வாங்குங்கள். பொம்மைக்கும் கார் சாவிக்கும் போடும் பெயரில்லாத செல்லை வாங்கிப் போட்டு ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். மல்டிமீட்டர் இருந்தால் புது செல் 3 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்ட வேண்டும். 2.8க்குக் கீழே காட்டும் பழைய செல்லைத் தயங்காமல் கழற்றுங்கள்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். இந்த செல்லைக் குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே புண்ணாக்கிவிடும். பழைய செல்லின் இரண்டு பக்கமும் செல்லோ டேப் ஒட்டித் தனியாக வையுங்கள். சட்டைப் பையில் சில்லறையோடும் சாவியோடும் போட்டால் ஷார்ட் ஆகிச் சுடும். ஆலைக்குள் நடமாடும் சட்டைப் பையில் இதற்கு இடமே கிடையாது.

பெட்டியைத் திறப்பது

ஷட்டவுன் செய்து, பவர் கார்டைப் பின்னாலிருந்து பிடுங்குங்கள். யூபிஎஸ்ஸை அணைத்தால் போதாது, கார்டு கையில் வர வேண்டும். பிறகு முன்பக்கப் பவர் பொத்தானை ஐந்து நொடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் கரண்ட் வடிந்துவிடும். பின்பக்கம் பார்த்து இரண்டு ஸ்க்ரூ கழற்றினால் இடதுபக்கத் தகடு நழுவி வரும்.

அச்சகக் கணினியாக இருந்தால் இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். ஆஃப்செட் மிஷினில் தாள்மேல் மை ஒட்டாமல் இருக்கத் தூவும் மாவு காற்றில் பறந்து டிசைன் அறைவரை வரும். உள்ளே விபூதி பூசியதுபோல் படர்ந்திருக்கும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் தெறிக்கும். பெட்டியை வெளித் திண்ணைக்குக் கொண்டுபோய் மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள். அலுமினியப் பொடி புழங்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த பெட்டியென்றால் உள்ளே என்ன படிந்திருக்கிறது என்று தெரியாமல் கை வைக்க வேண்டாம். அது மின்சாரத்தைக் கடத்தும், தீப்பிடிக்கும் பொருளும்கூட. சர்வீஸ் ஆளிடம் விவரத்தைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். கணினி, பிரிண்டர் எதுவானாலும் பழுதுபார்க்கும் வேலை அலுவலகக் கட்டடத்தில்தான். பட்டாசு மருந்து புழங்கும் ஷெட்டுப் பக்கம் எந்த மின்சாதனத்தையும் கொண்டுபோகாதீர்கள்.

செல் ஒரு ரூபாய்க் காசு போலப் பளபளவென்று கண்ணில் படும். எடுப்பதற்கு முன் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் இரும்புச் சட்டத்தை ஒருமுறை தொட்டுவிட்டு, செல்லின் ஓரத்தில் நிற்கும் சின்ன உலோக நாக்கை நகத்தால் தள்ளினால் செல் துள்ளி எழும். எழுத்தும் கூட்டல் குறியும் மேலே பார்க்கும்படி புதியதை வைத்து அழுத்துங்கள். அவ்வளவுதான். மார்க்கர் பேனாவால் தகட்டின் உள்பக்கத்தில் இன்றைய மாதமும் வருடமும் எழுதிவையுங்கள். அடுத்த முறை திறப்பவர் வாழ்த்துவார்.

வயதான முதலாளி ஒருவர், ராகு காலத்தில் பெட்டியைத் திறக்கக் கூடாது என்றார். திங்கட்கிழமை, காலை எட்டரை. சுவரில் அவர் அச்சகத்தின் தினசரித் தாள் 7.30 முதல் 9 என்றது. மேசைமேல் அவர் கணினி வேறு வருடம், வேறு கிழமை, நள்ளிரவு என்றது. "இதுல எந்த ராகு காலம் அண்ணாச்சி?" என்றேன். சிரித்தார், ஆனாலும் ஒன்பது மணிவரை டீ குடித்துக்கொண்டு காத்திருந்தோம்.

செல்லை மாற்றியபின் ஏற்படும் பயம்

பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். செல்லை எடுத்ததும் கடிகாரத்தோடு சேர்ந்து, விண்டோஸுக்கு முன்னால் ஓடும் பயாஸின் அமைப்புகள் எல்லாமே கம்பெனியிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பக்கூடும். கணினி ஏறாது, ஹார்ட் டிஸ்க்கைக் காணோம் என்னும். டிஸ்க் போய்விட்டது என்று பதறி விண்டோஸை அழித்துப் புதிதாக ஏற்றிக் கணக்கெல்லாம் பறிகொடுத்தவர்கள் உண்டு. டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது. டிஸ்க்கோடு பேசும் முறையும், எந்த வழியாக ஏற வேண்டும் என்ற அமைப்பும் மாறியிருக்கும். பழையபடி வைத்தால் எழுந்துவிடும்.

எனவே செல்லைக் கழற்றும் முன்பே பயாஸுக்குள் போய் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்துவிடுங்கள். கணினி ஏறத் தொடங்கியதும் டெல் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தால் திறக்கும். டெல் கம்பெனிக் கணினியில் எஃப் 2, எச்பியில் எஃப் 10, லெனோவோ மேசைக் கணினியில் எஃப் 1 என்று வேறுபடும். இன்னொன்று: விண்டோஸில் பிட்லாக்கர் பூட்டு இருந்தால், பயாஸ் மாறியதைப் பார்த்துச் சந்தேகப்பட்டு 48 இலக்கச் சாவியைக் கேட்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். முன்கூட்டியே எடுத்துத் தாளில் எழுதிவைக்காமல் செல்லைத் தொடாதீர்கள்.

புது செல் போட்டதும் பயாஸில் தேதியையும் மணியையும் வையுங்கள். அங்கே பெரும்பாலும் மாதம் முதலில், நாள் பின்னால் என்று அமெரிக்க வரிசையில் கேட்கும். எஃப் 10 அழுத்திச் சேமியுங்கள். அன்று மாலை மெயினை அணைத்துவிட்டுப் போய், மறுநாள் காலை பாருங்கள். மணி சரியாக இருந்தால் வேலை முடிந்தது. புது செல் போட்டும் மறுபடி தவறினால் மதர்போர்டில் கோளாறு. அது இந்தப் புத்தகத்துக்கு வெளியே.

மடிக்கணினியில் செல் வயர் சுற்றி, பிளாஸ்டிக் உறை போட்டு உள்ளே கிடக்கும். சில புது மாடல்களில் தனி செல்லே கிடையாது, பெரிய பேட்டரியிலேயே கடிகாரம் ஓடும். முழுதும் வடியவிட்டால் தேதி போய்விடும். சார்ஜ் போட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு கடைக்குப் போங்கள்.

ஐந்தரை மணி நேரம்

இந்திய நேரம் உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. கிழக்கே 82.5 பாகை தீர்க்கரேகையை வைத்து 1906 ஜனவரி 1 முதல் வந்த ஏற்பாடு. அதற்கு முன் ரயில்கள் மதராஸ் நேரத்தில் ஓடின. அது இன்றைய நேரத்துக்கு ஒன்பது நிமிடம் போலப் பின்தங்கியது. சிவகாசி அந்த 82.5 பாகைக்கு ரொம்ப மேற்கே இருப்பதால், நமக்குச் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாகப் பன்னிரண்டே காலைத் தாண்டித்தான். தினசரித் தாளில் நாம் அச்சிடும் ராகு காலமோ ஊருக்கெல்லாம் ஒரே மணி. இதைச் சொன்னால் பஞ்சாங்கக்காரர்களோடு சண்டை வரும், விட்டுவிடுகிறேன்.

கணினியில் இந்த ஐந்தரை எப்படித் தவறாக வருகிறது? ஒரே பெட்டியில் விண்டோஸும் லினக்ஸும் இருந்தால், மதர்போர்டு கடிகாரத்தை இரண்டும் இரண்டு விதமாக வாசிக்கும். அதில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் நினைக்கும். உலகப் பொது நேரம் என்று லினக்ஸ் நினைத்து, அப்படியே எழுதியும் வைத்துவிடும். அடுத்து விண்டோஸில் ஏறினால் ஐந்தரை மணி நேரம் பின்னால். செல்லை எத்தனை முறை மாற்றினாலும் தீராது. மதர்போர்டு கடிகாரத்தை உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும்படி லினக்ஸுக்கு ஒரே ஒரு கட்டளையில் சொல்லிவிடலாம். லினக்ஸ் ஏற்றித் தந்தவரிடம் கேளுங்கள், ஒரு நிமிட வேலை.

விண்டோஸ் மட்டும்தான் என்றால் நேர மண்டலத்தைப் பாருங்கள். மூலையில் உள்ள மணிமேல் வலது கிளிக் செய்து 'அட்ஜஸ்ட் டேட் அண்ட் டைம்' போனால், சென்னை, கொல்கத்தா, மும்பை, புது டெல்லி என்று நான்கு ஊர்கள் சேர்ந்த வரி இருக்க வேண்டும். அதற்குப் பக்கத்திலேயே இலங்கையின் ஸ்ரீ ஜயவர்தனபுர என்ற வரியும் அதே ஐந்தரையோடு நிற்கும். இன்று வித்தியாசம் இல்லை. ஆனால் இலங்கை 1996இல் கடிகாரத்தை முன்னே தள்ளி, 2006இல்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. நம் ஊர் வரியையே தேர்ந்தெடுங்கள்.

டெல்லியிடம் மணி கேட்பது

செல் நன்றாக இருந்தாலும் குவார்ட்ஸ் துல்லியமாக ஓடாது. 25 டிகிரிக்குச் சரியாக இருக்கும்படி தயாரிக்கப்பட்ட படிகம், பெட்டிக்குள் 45 டிகிரி சூட்டில் நாளொன்றுக்கு ஒரு நொடிக்குமேல் பின்தங்கும். பிறவிக் குறையும் சேர்ந்தால் மாதத்துக்கு ஒன்று, ஒன்றரை நிமிடம் போகும். இதற்குத்தான் இணையத்தில் மணி கேட்கும் முறை. டேவிட் மில்ஸ் என்ற அமெரிக்கர் 1985இல் வகுத்தது. உங்கள் கணினி ஒரு வழங்கியிடம் மணி கேட்டு, கேள்வி போய்ப் பதில் வர ஆன நேரத்தைக் கணக்கிட்டு, அதில் பாதியைக் கூட்டிக்கொள்ளும்.

அதே அமைப்புப் பக்கத்தில் 'செட் டைம் ஆட்டோமேட்டிக்கலி' என்பதை இயக்கி, 'சிங்க் நவ்' அழுத்துங்கள். இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. தனிக் கணினியில் வித்தியாசம் 15 மணி நேரத்துக்குமேல் இருந்தால் விண்டோஸ் தானாகத் திருத்திக்கொள்ள மறுத்துவிடும். "நெட் இருக்கு, ஆட்டோமேட்டிக்கும் போட்டிருக்கு, ஆனா 2009ஐயே காட்டுது" என்ற புலம்பலுக்குக் காரணம் இதுதான். முதலில் கையால் தேதியை இன்றைக்குக் கொண்டுவந்துவிட்டு, பிறகு 'சிங்க் நவ்' அழுத்துங்கள். விண்டோஸ் 7 போன்ற பழையவற்றில் வாரம் ஒருமுறைதான் மணி கேட்கும், அந்த நேரம் கணினி ஓடிக்கொண்டிருந்தால். இன்னும் நடக்கவில்லை என்றால் அலுவலக ஃபயர்வால் 123 என்ற போர்ட்டை மறித்திருக்கலாம்.

விண்டோஸ் இயல்பாக மைக்ரோசாஃப்ட்டின் வழங்கியைக் கேட்கும். அதுவே போதும். ஆனால் இந்தியாவின் சட்டபூர்வ நேரத்தைக் காப்பது புது டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அங்கே அணுக் கடிகாரங்கள் ஓடுகின்றன. அந்த ஆய்வகத்தின் வழங்கியோ, தேசியத் தகவலியல் மையத்தின் 'சமய்' வழங்கியோ, அவற்றோடு தொடர்புடையதோ ஒன்றோடு கணினிக் கடிகாரங்களைப் பொருத்திக்கொள்ள வேண்டும் என்று கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. கண்ட்ரோல் பேனலில் தேதிப் பகுதிக்குள் 'இன்டர்நெட் டைம்' என்ற பக்கத்தில் வழங்கியை மாற்றலாம்.

தேதி தவறினால் இணையமே திறக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பாதுகாப்பான தளத்துக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. வெடிபொருள் லைசென்ஸில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று இருப்பதுபோல அதிலும் இருக்கும். 2009இல் நின்றுகொண்டு பார்த்தால் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. ஜிஎஸ்டி தளம் 'பாதுகாப்பற்றது' என்று சிவப்பில் மறிக்கும். லாரி லோடு ஏற்றி வாசலில் நிற்க, இ-வே பில் போட முடியாமல் இணைய கம்பெனிக்காரரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். மூலையில் உள்ள தேதியை ஒருமுறை பார்த்திருந்தால் போதும்.

யாரோ கை வைக்கிறார்கள்

எல்லாம் சரிசெய்தும், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் தேதி பின்னால் போகிறது. செல் பழுதானால் இப்படி நாள் பார்த்துப் போகாது. டிசைன் அறையில் கெடு முடிந்த சோதனை மென்பொருளை ஏமாற்ற ஒருவர் தேதியைப் பின்னால் தள்ளுவார். கணக்கு அறையில் போன மாதத் தேதியில் ஒரு பில் அடிக்க இன்னொருவர் தள்ளுவார். டேலியில் வவுச்சர் தேதியை மாற்ற எஃப் 2 இருக்கிறது, கணினியின் தேதியைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. திட்டுவதைவிட, எல்லோருக்கும் தனிப் பயனர் கணக்கு வைத்து, நிர்வாகி கடவுச்சொல்லை ஒருவரிடம் மட்டும் கொடுத்தால், மற்றவர்களால் தேதியை மாற்ற முடியாது. மாதக் கடைசியில் கொஞ்சம் முணுமுணுப்பு இருக்கும்.

ஆலை அலுவலகத்தின் மற்ற கடிகாரங்கள்

கேமரா பதிவுப் பெட்டி, கைரேகை வருகைப் பெட்டி இரண்டுக்கும் தனித்தனிக் கடிகாரம், தனித்தனி செல். கணினியைச் சரிசெய்துவிட்டு இவற்றை மறந்துவிடுவோம். பட்டாசு ஆலையில் எந்த நிமிடம் யார் எங்கே இருந்தார்கள் என்பது சாதாரணக் கேள்வி இல்லை. கேமராவில் ஒரு மணி, வருகைப் பதிவில் ஒரு மணி என்றால் இரண்டுமே சாட்சியாகாது. இரண்டு பெட்டியிலும் நேர மண்டலத்தை ஐந்தரை என்று வைத்து, இணைய நேரத்தை இயக்குங்கள். இணையம் கொடுக்காத பெட்டி என்றால் மாதத்தின் முதல் வேலை நாளில் போனைப் பார்த்துத் திருத்துங்கள்.

திருத்தும் முன் எத்தனை நிமிடம் தவறு என்று கேட் ரிஜிஸ்டரிலேயே ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போடுங்கள். பழைய பதிவுகளைப் பிறகு பார்ப்பவர் அந்த நிமிடங்களைக் கூட்டியோ கழித்தோ கணக்கிட வேண்டியிருக்கும். கேமரா பெட்டியின் மணியைப் பின்னால் தள்ளும்போது சில மாடல்களில் அந்த இடைவெளியின் பழைய பதிவு அழிந்துவிடும். தேவையானதை முதலில் பென் டிரைவில் எடுத்துவிடுங்கள். கேமராவின் மணியைச் சரிபார்க்கப் போனோடு ஷெட்டுக்குள் போக வேண்டியதில்லை, போகவும் கூடாது. பதிவுப் பெட்டி அலுவலகத்தில்தானே இருக்கிறது.

செல் மாற்றும் வேலையை எப்போது செய்வது? ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எப்படியும் மிஷின்களைத் துடைப்போம். மெயின் அணைந்திருக்கும், ஆட்கள் எல்லோரும் இருப்பார்கள். அன்று ஒரு கணினியாவது திறந்து, தகட்டின் உள்பக்கம் எழுதிய வருடத்தைப் பாருங்கள். மூன்று வருடம் ஆகியிருந்தால் எல்லாப் பெட்டிக்கும் சேர்த்து செல் வாங்கிவரச் சொல்லுங்கள். மறுநாள் சந்தனமும் குங்குமமும் வைக்கும்போது மானிட்டரின் நெற்றியில் வையுங்கள். கேபினெட்டின் காற்றுத் துளையில் வைத்தால் மூன்று வருடம் கழித்து அதையும் நான்தான் சுரண்டி எடுக்க வேண்டும்.